வரிசையை மறந்த பட்டியல்

பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஏழு சொற்களோடு தொடங்குகிறேன். அரசு, அலை, அவை, அழகு, அளவு, அறம், அனல். தமிழ்ப் பள்ளியில் எழுத்து வரிசையை ஒப்பித்த எவருக்கும் இவை அகரவரிசையில் நிற்கின்றன என்பது பார்த்தவுடன் தெரியும். இரண்டாம் எழுத்துகளை மட்டும் படியுங்கள்: ர, ல, வ, ழ, ள, ற, ன. நாம் சிறுவயதில் படித்த அதே ஒழுங்கு.

இந்தப் பட்டியலைக் கணினியிடம் கொடுத்து, 'அறம்' இதில் இருக்கிறதா என்று கேட்போம். வரிசைப்படுத்திய பட்டியலில் கணினி ஒவ்வொன்றாகத் தேடாது. நடுவில் இருப்பதைப் பார்க்கும். தேடுவது அதற்கு முந்தையதா பிந்தையதா என்று ஒப்பிடும். வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு மற்றப் பாதியில் அதையே மறுபடி செய்யும். பைனரி சர்ச் என்பது இதுதான். பத்து லட்சம் பெயர்களிலும் சுமார் 20 ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும்.

நம் பட்டியலின் நடுவில் நிற்பது 'அழகு'. கணினி இயல்பாக ஒப்பிடுவது எழுத்துகளுக்கு யூனிகோடு தந்திருக்கும் எண்களை. அந்த எண் வரிசையில் ற, ழ-வுக்கு முந்தையது. எனவே கணினி இடப்பக்கம் போகிறது. அங்கே நடுவில் 'அலை'. ற, ல-வுக்கும் முந்தையதுதான். மறுபடி இடப்பக்கம். மிஞ்சியிருப்பது 'அரசு' ஒன்றுதான். 'அறம்' அதற்குப் பிந்தையது. ஆனால் அதற்கு அப்பால் தேட எதுவும் பாக்கி இல்லை. 'அறம் இல்லை' என்று கணினி பதில் சொல்கிறது. அந்தச் சொல்லோ ஆறாவது இடத்தில் இருக்கிறது.

மற்ற ஆறையும் இப்படியே தேடிப் பாருங்கள். அரசு, அலை, அழகு மூன்றும் கிடைக்கும். அவை, அளவு, அறம், அனல் நான்கும் கிடைக்காது. ஏழுமே கிடைக்காமல் போயிருந்தால் முதல் நாளே யாராவது கவனித்திருப்பார்கள். மூன்று கிடைப்பதால் நிரல் ஓடுகிறது என்று நம்பி அதைப் புழக்கத்துக்கு விட்டுவிடுவோம். இதுதான் எனக்குக் கவலை தருவது.

பிழை எங்கே இருக்கிறது? அடுக்கிய நிரலில் பிழை இல்லை. தமிழ் ஒழுங்கில் சரியாக அடுக்கியது. தேடிய நிரலிலும் பிழை இல்லை. பாடநூலில் உள்ளபடி தேடியது. சொற்களும் சரி. ஆனால் அடுக்கியவர் ஒரு வரிசையை மனத்தில் வைத்திருந்தார், தேடியவர் வேறொரு வரிசையை மனத்தில் வைத்திருந்தார். நிரலில் அந்தப் பட்டியலின் வகை என்ன என்று எழுதியிருக்கிறது? 'எழுத்துச்சரங்களின் பட்டியல்'. அவ்வளவுதான். அது அடுக்கப்பட்டது என்பதோ எந்த வரிசையில் அடுக்கப்பட்டது என்பதோ அந்த வகையில் இல்லை. இன்று நான் பேச வந்திருப்பது இதைத்தான்: எந்தப் பொருளையும் ஏற்கும் ஒரு தரவுக் கட்டமைப்பை வடிவமைக்கும்போது, அது எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்கிறதோ அவை அத்தனையும் அதன் வகையில் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டால் கம்பைலர் காவல் நிற்கும். எழுதப்படாவிட்டால் மனித ஞாபகம்தான் காவல்.

யூனிகோடு ஏன் ன-வை ந-வுக்கு அடுத்தும், ற-வை ர-வுக்கு அடுத்தும் வைத்தது என்று கேட்பீர்கள். 1991-ல் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இந்திய எழுத்துகளின் கட்டங்களை, 1988-ல் இந்தியாவில் வகுத்த இஸ்கி குறியீட்டைப் பின்பற்றி, எல்லா மொழிகளுக்கும் ஒரே அச்சில் அமைத்தார்கள். தேவநாகரியில் எந்தெந்த ஒலி எங்கே இருக்கிறதோ அதற்கு இணையான இடத்தில் தமிழ் எழுத்தும் அமர்ந்தது. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ வந்ததும் அப்படித்தான். இதை யாரும் மறைக்கவில்லை. எண் வரிசை வேறு, அகரவரிசை வேறு என்று யூனிகோடு அமைப்பே சொல்லி, அடுக்குவதற்கென்று தனியொரு முறையையும் வெளியிட்டிருக்கிறது. அந்த முறையை ஓரிடத்தில் பயன்படுத்திவிட்டு இன்னோர் இடத்தில் மறப்பதுதான் சிக்கல்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பினாங்கில் ஒரே பதிவேட்டில் மலாய், சீன, தமிழ்ப் பெயர்கள் கலந்து வருகின்றன. கோயில் நன்கொடைப் பட்டியல், பள்ளிப் பதிவேடு, நூலக அட்டவணை, சங்க உறுப்பினர் விவரம் என்று தமிழ் எழுத்தில் வைத்திருக்கும் பட்டியல்களும் இங்கே ஏராளம். தேடிய பெயர் 'இல்லை' என்று வந்தால் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்வார்? நல்லெண்ணத்தோடு மறுபடி பதிவு செய்வார். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். சந்தா ஒரு பதிவில், உதவித்தொகை இன்னொன்றில் என்று விவரங்கள் பிரிந்துபோகும். பிறகு அதைச் சரிசெய்ய ஒருவர் வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

மூத்தவர்களுக்கு இதைவிடப் பழைய அனுபவம் ஒன்று நினைவிருக்கும். இந்த நாட்டின் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலம் முதல், தமிழைக் கணினிக்குள் கொண்டுவரப் பலரும் பாடுபட்டார்கள். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துகளை 8 பிட் குறியீட்டுக்குள் அமைத்தார்கள். முரசு ஒரு விதம், டிஸ்கி ஒரு விதம், 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் வேறு விதம். ஒவ்வொன்றும் அதனதன் அளவில் ஒழுங்கானது. ஆனால் அனுப்பப்பட்ட கோப்பில் எண்கள் மட்டுமே போயின. எந்தக் குறியீட்டின்படி அந்த எண்களைப் படிக்க வேண்டும் என்ற விவரம் கூடப் போகவில்லை. பினாங்கிலிருந்து எழுதிய கடிதம் சென்னையில் புரியாத குறிகளாகத் திறந்தது. எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும். வகை இல்லாத தரவு என்றால் என்ன என்பதைத் தமிழர்கள் எந்தப் பாடநூலிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு தலைமுறை அதனோடு வாழ்ந்திருக்கிறது.

இனி கோட்பாட்டுக்குச் சற்று வருவோம். 1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைக்கால வகுப்பில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர் நிரல்மொழிகளின் அடிப்படைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரே பெயரில் பலவகைப் பொருள்களைக் கையாளும் செயல்களை அவர் இரண்டாகப் பிரித்தார். கூட்டல் போல, முழு எண்ணுக்கு ஒரு விதமும் பின்ன எண்ணுக்கு வேறு விதமும் செயல்படுபவை ஒரு பக்கம். ஒரு பட்டியலைத் தலைகீழாக்குவது போல, உள்ளே என்ன இருந்தாலும் ஒரே விதமாகச் செயல்படுபவை மறுபக்கம். இரண்டாவதுதான் இன்று நாம் ஜெனரிக்ஸ் என்று அழைப்பதன் வேர். எடின்பரோவில் எம்எல் மொழியை உருவாக்கிய ராபின் மில்னர் 1978-ல் ஒரு கட்டுரையில் அதற்குக் கணித அடித்தளம் போட்டார். வகைகளை நிரலர் எழுதாவிட்டாலும் கம்பைலரே கண்டுபிடிக்கும் என்றும், வகை சரிபார்க்கப்பட்ட நிரல் ஓடும்போது வகைக்குழப்பத்தால் தடுமாறாது என்றும் நிறுவினார். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றும் புதிய மொழிகள் அந்தக் கட்டுரைக்குத்தான் திரும்பிப் போகின்றன.

ஆனால் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் அது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1995-ல் வெளிவந்த ஜாவாவில் 2004 வரைக்கும் ஜெனரிக்ஸ் இல்லை. பட்டியல் என்றால் 'ஏதோ ஒரு பொருளின்' பட்டியல். உள்ளே வைப்பது சுலபம். வெளியே எடுக்கும்போது 'இது எழுத்துச்சரம்தான்' என்று நிரலர் தன் வாயால் உறுதி சொல்ல வேண்டும். சொன்னது தவறானால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். அநேகமாக எழுதியவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில். கோ மொழி 2009-ல் அறிமுகமானது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அதை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ் இந்தச் சிக்கலை அழகாக வகுத்துச் சொன்னார்: ஜெனரிக்ஸ் இல்லாவிட்டால் நிரலரின் நேரம் போகும், ஒவ்வொரு வகைக்கும் தனி நகல் எடுத்தால் கம்பைலரின் நேரம் போகும், எல்லாவற்றையும் பொதுப்பெட்டியில் போட்டால் நிரல் ஓடும் நேரம் போகும். இந்த மூன்றில் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்க அந்த மொழிக்கு 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில்தான் ஜெனரிக்ஸ் சேர்ந்தது. தாமதத்தைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்தப் பொறுமையின் மேல் மரியாதை உண்டு. ஏனென்றால் ஒரு மொழியில் தவறான ஜெனரிக்ஸைச் சேர்த்துவிட்டால் அதை எடுக்கவே முடியாது.

நல்ல ஜெனரிக் கட்டமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள், பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் விடை இருக்கிறது. பாரந்தூக்கி கொள்கலனின் நான்கு மூலைகளை மட்டும் அறியும். உள்ளே ரப்பர் கையுறையா, மின்னணுச் சில்லா என்று அது பார்ப்பதில்லை. பார்க்காததால்தான் உள்ளே இருப்பதை அதனால் மாற்றவும் முடியாது. ஆனால் குளிர்பதனக் கொள்கலன் வந்தால் அதை மின்சார இணைப்பு உள்ள இடத்தில்தான் வைக்க முடியும். அங்கே மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை. பட்டியலைத் தலைகீழாக்கும் செயலுக்கு உறுப்புகளைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டாம். வரிசைப்படுத்தும் செயலுக்கு ஒன்று தெரிய வேண்டும், இரண்டை ஒப்பிட முடியுமா என்று. ஹாஷ் அட்டவணைக்கு இரண்டு தெரிய வேண்டும், சமமா என்று பார்க்கவும் ஹாஷ் எண் கணக்கிடவும். தேவைக்கு மேல் ஒன்றையும் கேட்காதே. கேட்டதை வகையில் எழுது. வடிவமைப்பாளரின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டுதான்.

எதையும் பார்க்காத நிரலைப் பற்றி 1989-ல் பிலிப் வாட்லர் ஒரு வியப்பான உண்மையைக் காட்டினார். எந்த வகையின் பட்டியலையும் வாங்கி அதே வகையின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு செயல் இருக்கிறது என்று வையுங்கள். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே சிலவற்றைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். அது புதிதாக ஓர் உறுப்பை உண்டாக்கியிருக்க முடியாது. உறுப்புகளின் மதிப்பைப் பார்த்து முடிவெடுத்திருக்க முடியாது. இடம் மாற்றலாம், விடலாம், மறுபடி சேர்க்கலாம், அவ்வளவே. வகை எவ்வளவு பொதுவாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியாக அந்த நிரலை நம்பலாம். கட்டுப்பாடு குறைந்தால் உறுதியும் குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே நேர் எதிர்.

இப்போது இளையோருக்கு நெருக்கமான ஓர் உதாரணம். நம் மலேசிய அடையாள அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. இறுதி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்கள் எல்லாருடைய எண்ணும் சுழியத்தில் தொடங்கும். அதை முழு எண் வகையில் சேமித்தால் முன்னால் உள்ள சுழியங்கள் போய்விடும். 2000 ஜனவரி முதல் நாளில் பிறந்தவருக்கு மூன்று சுழியம் போய் 12 இலக்கம் ஒன்பதாகச் சுருங்கும். இரண்டு அடையாள அட்டை எண்களைக் கூட்டுவதற்கோ பெருக்குவதற்கோ யாருக்கும் எந்தத் தேவையும் இல்லை. அது எண் அல்ல. சும்மா ஓர் எழுத்துச்சரமும் அல்ல. அதற்கென்று ஒரு தனி வகை வேண்டும். வெளியிலிருந்து வரும் எழுத்துகளை ஒரே ஒரு வாசலில் சோதித்து, தேதி சரியா, மாநிலக் குறியீடு சரியா என்று பார்த்து, தேறினால் மட்டும் அந்த வகைப் பொருளாக மாற்ற வேண்டும். பிறகு உள்ளே எந்த அறையிலும் மறுபடி சோதிக்க வேண்டாம்.

தனி வகை கிடைத்தவுடன் அடுத்த கேள்வி வருகிறது. அடையாள எண் என்பது எழுத்துச்சரத்தின் ஓர் உட்பிரிவு என்று வைத்துக்கொண்டால், அடையாள எண்களின் பட்டியல் எழுத்துச்சரப் பட்டியலின் உட்பிரிவா? முதல் பார்வையில் ஆம் என்றே தோன்றும். அப்படி ஏற்றுக்கொண்டு, அடையாள எண் பட்டியலை எழுத்துச்சரப் பட்டியலைக் கேட்கும் ஒரு செயலிடம் கொடுங்கள். அந்தச் செயல் தன் உரிமைப்படி அதில் 'பட்டர்வொர்த்' என்ற சொல்லைச் சேர்க்கலாம். பட்டியலின் உரிமையாளர் திரும்பி வந்து பார்த்தால் அடையாள எண்களுக்கு நடுவே ஓர் ஊர்ப் பெயர்! ஜாவாவின் அரேக்கள் இந்தத் தவற்றை ஏற்றுக்கொண்டவை. ஜெனரிக்ஸ் இல்லாத காலத்தில் எல்லா அரேக்களையும் ஒரே செயலால் கையாள வேறு வழி இல்லாமல் அப்படி விட்டார்கள். தவறான பொருளை வைக்கும்போது ஓட்ட நேரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். சி ஷார்ப்பும் அதையே பின்பற்றியது. பின்னால் வந்த ஜெனரிக் பட்டியல்கள் இதை மறுக்கின்றன. படிக்க மட்டும் கொடுத்தால் உட்பிரிவு உறவு நிற்கும். எழுத மட்டும் கொடுத்தால் உறவு தலைகீழாகும். இரண்டும் என்றால் உறவே கிடையாது. இந்த மூன்று வாக்கியங்களைப் புரிந்துகொள்ளப் பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. சி ஷார்ப்பும் கோட்லினும் 'உள்', 'வெளி' என்ற பொருள் தரும் இரு சின்னஞ்சிறு குறிச்சொற்களால் இதைச் சொல்லிவிடுகின்றன. அந்த எளிமை எனக்குப் பிடிக்கும்.

ஜாவாவில் ஜெனரிக்ஸ் வந்த கதையிலும் வாட்லர் இருக்கிறார். 1998-ல் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமயர் ஆகியோரோடு சேர்ந்து அவர் வகுத்த திட்டமே 2004-ல் வந்த ஜாவா 5-ன் ஜெனரிக்ஸுக்கு அடிப்படையானது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக, கம்பைலர் சரிபார்த்து முடித்தபின் வகை விவரத்தை அழித்துவிட்டார்கள். ஓடும் நேரத்தில் சொற்களின் பட்டியலும் எண்களின் பட்டியலும் ஒன்றுதான். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் வேறு வழியில் போனார்கள். 2005-ல் வந்த சி ஷார்ப் 2.0-ல் வகை விவரம் ஓடும் நேரத்திலும் உயிரோடு இருக்கிறது. எது மேல் என்று கேட்டால், பழைய நிரல் மலைபோல் குவிந்திருந்த ஜாவாவுக்கு அதன் முடிவு நியாயமானது என்பேன். ஆனால் அழிக்கப்பட்டது அழிக்கப்பட்டதுதான். அதன் விலையை இன்றுவரை ஜாவா நிரலர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஏழு சொற்களுக்குத் திரும்புகிறேன். வரிசையை வகையில் எப்படி எழுதுவது? ஜாவாவில் வரிசைப்படுத்திய தொகுதியை உருவாக்கும்போது ஒப்பீட்டு முறையை ஒரு மதிப்பாகக் கொடுக்கிறோம். அது உள்ளே போய்விடுகிறது. வெளியே வகையில் தெரிவதில்லை. தமிழ் வரிசைத் தொகுதிக்கும் யூனிகோடு வரிசைத் தொகுதிக்கும் ஒரே வகைப் பெயர். பைனரி சர்ச் செயலின் விளக்கக் குறிப்பிலோ, பட்டியல் அதே ஒப்பீட்டு முறையில் அடுக்கப்படாமல் இருந்தால் விடைக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன குறிப்புதான். ஆனால் கம்பைலர் குறிப்புகளைப் படிக்காது.

சி பிளஸ் பிளஸ் நூலகத்தின் தொகுதிக்கு ஒப்பீட்டு முறையும் ஒரு வகை அளபுரு. தமிழ் வரிசை, எண் வரிசை என்று இரண்டு தனி வகைகளாக அவற்றை எழுதினால், ஒன்று கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுக்க முடியாது. ஓகேமல் மொழியில் வரிசை விதியைத் தாங்கிய ஒரு தொகுதிக்கூறைக் கொடுத்து 'செட்' ஒன்றைத் தயாரிக்கிறோம். வேறு விதியில் தயாரித்தது வேறு வகையாகிவிடுகிறது, இரண்டையும் இணைக்க முயன்றால் நிரல் கம்பைல் ஆகாது. ஹாஸ்கெல்லும் ரஸ்ட்டும் இன்னும் கண்டிப்பானவை. ஒரு வகைக்கு ஒரே ஒரு இயல்பு வரிசைதான் இருக்கலாம். வேறு வரிசை வேண்டுமென்றால் புதிய வகை செய். 'தமிழ்ச்சொல்' என்று ஒரு மெல்லிய உறை வகை செய்து அதற்கு நெடுங்கணக்கு வரிசையைக் கொடுத்தால், அதன் பிறகு வரிசைப்படுத்தும், தேடும், இணைக்கும் செயல்கள் அத்தனையும் அதே வரிசையைத்தான் பயன்படுத்தும். மறக்க வழியே இல்லை. ஓட்ட நேரத்தில் இந்த உறைக்கென்று கூடுதல் செலவும் கிடையாது. நான் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி-யின் 2.28 பதிப்பு வந்தபோது, அதில் பல மொழிகளின் வரிசை விதிகள் திருத்தப்பட்டன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் அந்த விதிகளை நம்பித் தம் குறிப்பட்டவணைகளை அடுக்கி வைத்திருந்தன. இயக்குதளத்தைப் புதுப்பித்த பிறகு, பழைய விதியில் அடுக்கிய அட்டவணையைப் புதிய விதியில் தேடின. இருக்கும் வரி இல்லை என்று வந்தது. தனித்தன்மை காக்க வேண்டிய இடத்தில் இரட்டைப் பதிவு நுழைந்தது. நம் 'அறம்' காணாமல் போனதும் இதுவும் ஒரே நோய். அதன்பின் போஸ்ட்கிரெஸ் வரிசை விதியோடு அதன் பதிப்பு எண்ணையும் பதிந்து வைத்து, மாறினால் எச்சரிக்கிறது. அனுமானத்தை எழுதி வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

தமிழ்ச்சொல் என்ற வகையைப் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் வரிசையோடு விஷயம் முடியவில்லை. 'கொடி' என்ற சொல்லை எடுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் ஹாஷ் அட்டவணைக்கு இவை இரண்டு வெவ்வேறு சாவிகள். ஒரு விசைப்பலகையில் பதிந்த பெயர் இன்னொரு விசைப்பலகையில் தேடும்போது கிடைக்காமல் போகலாம். எனவே தமிழ்ச்சொல் வகையின் வாசலில் இயல்பாக்கம் நடக்க வேண்டும், இரு வடிவத்தையும் ஒன்றாக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். அதே சொல்லின் நீளம் என்ன? முதல் வடிவில் 12 பைட், நான்கு குறியெண், இரண்டு எழுத்து. இரண்டாம் வடிவில் 15 பைட், ஐந்து குறியெண், அதே இரண்டு எழுத்து. 'இந்தப் பெயரின் முதல் மூன்று' என்று நிரலில் எழுதினால் எந்த மூன்று? ரஸ்ட் பைட்டுகளுக்கும் குறியெண்களுக்கும் தனித்தனி வாயில் வைத்திருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி ஒரு படி மேலே போய், கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே சரத்தின் உறுப்பாக வைத்தது. அங்கே 'கொடி'யின் நீளம் இரண்டு. நம் குழந்தை எண்ணினாலும் இரண்டுதான் சொல்லும்.

தேடிய பெயர் உண்மையிலேயே இல்லாவிட்டால் என்ன தருவது? 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக டோனி ஹோர் 'ஒன்றுமில்லை'யைச் சுட்டும் 'நல்' (null) குறியீட்டை வகுத்தார். 2009-ல் அவரே ஒரு மாநாட்டில் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று வர்ணித்தார். அதற்கு மாற்று, மிகச் சிறிய ஒரு ஜெனரிக் கட்டமைப்பு: ஒரு பொருள் இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம் என்று வகையிலேயே சொல்லும் ஒரு பெட்டி. திறந்து பார்க்காமல் உள்ளதைப் பயன்படுத்தக் கம்பைலர் விடாது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவங்களில் நம் மக்கள் எத்தனை பேர் தந்தையின் பெயரையோ ஒரு கோட்டையோ நிரப்பியிருக்கிறார்கள்! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்) என்று தந்தை பெயர் தொடர்கிறது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் அந்தப் புலத்துக்கு இந்தச் சிறு பெட்டி வகையைக் கொடுத்திருந்தால், இல்லாதவரை இல்லாதவராகவே பதிந்திருக்கலாம்.

வகைகளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட்டில் ஒரு சிறு பிழைக்குப் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 2020-ன் தரநிலையில் 'கான்செப்ட்ஸ்' வந்த பிறகு அது குறைந்தது. ஒவ்வொரு வகைக்கும் நகல் எடுப்பதால் நிரல் பெருத்துவிடும். மூன்று நான்கு வகை அளபுருக்களைத் தாண்டினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். எந்த அனுமானம் உடைந்தால் சத்தமில்லாமல் தவறான விடை வருமோ, அதை வகையில் எழுதுங்கள். உடைந்தால் உடனே நின்று காட்டிக்கொடுக்கும் அனுமானத்துக்கு ஒரு சாதாரணச் சோதனை போதும். வரிசை முதல் இனத்தைச் சேர்ந்தது.

1972-ல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரத்துக்கு இன்டெல் வந்ததிலிருந்து இந்தத் தீவில் மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். சில்லுகளைச் சோதிக்கும் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே பின்ன எண் வகையில் கலக்கக் கூடாது என்று அறிவார்கள். அதே கைகளுக்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். ரஸ்ட்டில் ஒரு சிறு நூலகம். அதில் இயல்பாக்கிய தமிழ்ச்சொல்லுக்கு ஒரு வகை. அதன்மேல் மூன்று வரிசைகள், மூன்றும் தனித்தனி வகைகள்: உள்வேலைக்கான எண் வரிசை ஒன்று, உயிர் முதல் ன வரை நெடுங்கணக்கில் போய் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றை இறுதியில் வைக்கும் வரிசை ஒன்று, மலாய், சீனப் பெயர்களின் உரோம எழுத்தும் கலந்து வரும் நம் பதிவேடுகளுக்கான வரிசை ஒன்று. ஒரு வரிசையில் அடுக்கியதை இன்னொரு வரிசைக்கு மாற்ற ஒரே ஒரு செயல் இருக்கட்டும். அந்தச் செயல் முழுப் பட்டியலையும் மறுபடி அடுக்கும். அதன் நேரச் செலவு அழைப்பவருக்கு வெளிப்படையாகத் தெரியட்டும். வரிசை விதியின் பதிப்பு எண்ணும் கோப்போடு சேமிக்கப்படட்டும். சோதனைக்கு முதல் தரவாக அந்த ஏழு சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள். 'ஃப' எங்கே வர வேண்டும், 'க்ஷ' தனி எழுத்தா இரண்டா என்பதில் தமிழாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு எழும். அதை நிரலர்கள் தாமாக முடிவுசெய்ய வேண்டாம். ஆசிரியர்களையும் நூலகர்களையும் அழைத்து உட்கார்ந்து பேசி, வந்த முடிவை ஒரு வகையாக எழுதுங்கள். இரண்டு முடிவுகள் வந்தால் இரண்டு வகைகள்.